பதினேழு கிலோ ஓம்

கிளாக்ஸ்விக்கில் அக்டோபர் என்றால்
மழைக்கு நடுவே கொஞ்சம் காற்று,
காற்றுக்கு நடுவே கொஞ்சம் மழை.
கொடியில் போட்ட துணி
அடுத்த தீவில்தான் காயும்.

அதனால் நிலவறையில் ஓர் உலர்த்தி.
மேல்தளத்தில் அக்கா சோல்வா,
கீழ்த்தளத்தில் நான்,
இருவருக்கும் அது ஒன்று.
அப்பாவின் படகு போன விலையைப் பற்றிப்
பேசிய நாளிலிருந்து
சுவரில் ஒட்டிய தாள்தான் எங்களுக்காகப் பேசுகிறது:
செவ்வாய், வியாழன் அவளுக்கு.
மிச்சம் எனக்கு.

திங்கள் இரவு
என் கம்பளிகளை வயிற்றில் வைத்துக்கொண்டு
அது நின்றுவிட்டது.
எஃப் மூன்று, எஃப் மூன்று என்று
சிவப்பாகச் சிமிட்டியது.
கையேட்டைப் புரட்டினேன்: வெப்ப உணரி.
அந்த வேகத்திலேயே
டென்மார்க்கிலிருந்து புதிது ஒன்றுக்குப்
பணமும் கட்டிவிட்டேன்.
கப்பல் புயலுக்கு ஒதுங்கி நிற்கிறதாம்.

சால்மன் ஆலையில் என் வேலையே
பெட்டி பெட்டியாகக் குளிரைக் குத்திப் பார்ப்பது.
வெப்பமானி பொய் சொல்லும்.
ஒருமுறை அதை நம்பி
நான்கு டன் நல்ல மீனைத் திருப்பி அனுப்பினோம்.
இதை நான்
பணம் கட்டுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்.

செவ்வாய் மாலை. செருகியைப் பிடுங்கினேன்.
பின்தகட்டில் எட்டுத் திருகுகள்,
ஒன்று துருப்பிடித்து அடம்.
உள்ளே பத்து வருடத்துப் பஞ்சு,
அவள் சட்டை எது, என் சட்டை எது
என்று சொல்ல முடியாத
ஒரே சாம்பல் நிறம்.

கிராம்பு அளவுதான் உணரி.
அதன் கணக்கு தலைகீழ்:
சூடு ஏறினால் தடை இறங்கும்,
குளிர்ந்தால் தடை ஏறும்.
நிலவறைக் குளிரில் மீட்டர் பதினேழு காட்டியது.
உள்ளங்கையில் வைத்து மூடினேன்.
பதினைந்து.
பன்னிரண்டு.
ஒன்பது.
பாவம், இது குற்றவாளி இல்லை.

அப்படியானால் கம்பி.
முன்பக்கம் மின்பலகையில் முனைகளைப் பிடிக்க ஒரு ஆள்,
பின்பக்கம் கம்பியை அசைக்க ஒரு ஆள்.
நான் கூப்பிடவில்லை.
செவ்வாய்க்கிழமை,
கூடையோடு அவளே இறங்கி வந்தாள்.
பார்த்தாள். கூடையை வைத்தாள்.
மீட்டரைக் கையில் எடுத்தாள்.

"எவ்வளவு?"
"பதினேழு."
"இப்போது?"
"பதினேழு."
தகட்டு விளிம்பில் உரசும் இடத்தை
விரலால் லேசாக அழுத்தினேன்.
"எண் போய்விட்டது," என்றாள்.
விட்டேன்.
"வந்துவிட்டது."

நான்கு மாதத்தில் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

கம்பி அறுந்தால் தடைக்கு முடிவில்லை.
முடிவில்லாத தடை என்றால்
இயந்திரத்துக்கு முடிவில்லாத குளிர்.
எந்தத் துருவத்திலும் அடிக்காத ஒரு குளிரை
உள்ளே நினைத்துக்கொண்டு
பயந்துபோய் அணைந்திருக்கிறது.
உள்ளே அப்படியொன்றும் குளிரவில்லை.
சேதி வந்து சேரவில்லை,
அவ்வளவுதான்.

தேய்ந்த இடத்தை வெட்டி, முறுக்கி, பற்றவைத்து,
குழாய் உறை மாட்டி,
விளிம்புக்குப் படாமல் கட்டினேன்.
அவள் டார்ச்சைப் பிடித்தாள்,
பெரும்பாலும் சரியான இடத்தில்.
ஏழு திருகுகள் உள்ளே போயின.
எட்டாவதற்குத் துளையைக் காணோம்.

டிரம் சுற்ற ஆரம்பித்ததும்
என் ஈரக் கம்பளிகளை உள்ளே தள்ளினாள்.
"இன்று உன் நாள்," என்றேன்.
"நாறுகிறது," என்றாள்.
படியேறிப் போனாள்.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது.
வேண்டாத உணரி ஒரு சிறிய உறையில்,
யாரோ கையெழுத்திட்டு வாங்கி, பிரித்து,
மறுபடி ஒட்டி,
என் கதவடியில் வைத்திருந்தார்கள்.
செவ்வாயிலிருந்து காணாமல் போயிருந்த
என் மீட்டரும் பக்கத்தில்.

உறைமேல் பென்சிலில் அவள் கையெழுத்து:

அளந்து பார்த்தேன்.
பதினெட்டு.
மேலே கொஞ்சம் குளிர் அதிகம்.